என்னை யாரும் மீட்டு வரவில்லை

1

நூலகச் சுவரில் என்னைப் பற்றி ஓர் அட்டை தொங்கிய நாட்களில் இந்த ஊர்க்காரர்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மளிகைக் கடையில் உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தேன். முன்பின் பார்த்திராத ஒரு பெண்மணி பக்கத்தில் வந்து, "அது நீங்கள்தானே?" என்று கேட்டார். எது என்று நான் கேட்பதற்குள் கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்துவிட்டார். கையில் ஒரு உருளைக்கிழங்கோடு நின்றேன். அவர் முதுகைத் தட்டிக்கொடுத்து நான்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

அந்த அட்டையில் உள்ளபடி நான் திருப்பூரில் ஒரு தொழிற்சாலையில் அடிமையாக இருந்தவள். இப்போது கனடாவில் சுதந்திரமாக மூச்சு விடுகிறேன்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருப்பூரை ஒட்டிய அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் ஆறு வருடம் ஓவர்லாக் மிஷின் ஓட்டினேன். கல்யாணம் நிச்சயமானதும் நானே போய்ச் சொல்லிவிட்டு வேலையிலிருந்து நின்றேன். என்னோடு தையல் லைனில் இருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் குக்கர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். என் கணவர் செந்தில் டிராக்டர், அறுவடை இயந்திரம் பழுது பார்ப்பவர். அவருக்கு இங்கே வேலை கிடைத்தது. பின்னாலேயே நானும் வந்தேன். வருவதற்கு முன் போலீஸ் சான்றிதழ் கேட்டார்கள். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அவிநாசிபாளையம் போலீஸ் ஸ்டேஷனில் அப்பா பெயரை ஒரு எழுத்து மாற்றி எழுதியிருந்ததற்காக என் கோப்பைத் திருப்பி அனுப்பினார்கள். மீட்டுக்கொண்டு வருகிறவர்கள் மீட்கப்படுகிறவளிடம் இத்தனை காகிதம் கேட்பார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

2

நாங்கள் இருப்பது சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஒரு சிறிய ஊர். கோதுமைக் காடு, அதைச் சுற்றிலும் கோதுமைக் காடு. தமிழ்க் குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். ஊரில் இருக்கிற சொந்தக்காரர்கள் நான் இங்கே மெத்தையில் சாய்ந்துகொண்டு இருப்பதாக நினைக்கிறார்கள். நான் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர் படுத்த மெத்தை விரிப்பை மடித்து அடுக்குவது வேலை.

எங்கள் மகள் யாழினிக்குப் பதினைந்து வயது. நான் கடையில் வாய் திறந்தால் அவள் முகம் மாறும். நான் பேசிய வாக்கியத்தையே திருத்தி, எதிரில் இருப்பவரிடம் திரும்பச் சொல்லுவாள். உதவி என்று நினைத்துத்தான் செய்கிறாள். எனக்கோ ஒவ்வொரு முறையும் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். நான் தமிழில் கேட்டால் பதில் ஆங்கிலத்தில் வரும். அவளோடு சேர்ந்து ஏதாவது ஒன்று செய்தால் பேச்சாவது வளரும் என்றுதான் போன குளிர்காலத்தில் ஒட்டுத்தையல் வகுப்பில் இருவரும் பெயர் கொடுத்தோம்.

துண்டுத் துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டிச் சேர்த்துத் தைத்துப் போர்வை செய்வது இந்த ஊர்ப் பெண்களுக்குப் பெரிய விஷயம். புதிதாக வருகிறவர்கள் ஆளுக்கு ஒரே ஒரு கட்டம் தைக்க வேண்டும். எல்லாக் கட்டங்களையும் சேர்த்து ஒரு விரிப்பாக்கி நூலகத்தில் தொங்கவிட்டு, பிறகு பக்கத்து ஊர்களுக்கும் கொண்டுபோவார்கள். சொல்லிக் கொடுப்பவர் ஷெல்லி. என் வயதுதான் இருக்கும், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். பனியில் பேருந்து ஓட்டிவிட்டு வந்து, பூட்ஸைக் கழற்றிய கையோடு ஊசியில் நூல் கோப்பார். நல்ல மனுஷி. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

முதல் நாள் ஒவ்வொருவரும் எந்த ஊர் என்று சொல்லச் சொன்னார். நான் திருப்பூர் என்றேன். இங்கே எல்லோரும் போட்டிருக்கும் டி-சர்ட் எங்கள் பக்கத்திலிருந்துதான் வருகிறது, நானும் ஆறு வருடம் தைத்தேன் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். ஷெல்லி தன் சட்டைக் கழுத்தைத் திருப்பிப் பட்டையைப் படித்துப் பார்த்தார்.  பிறகு என் கையைத் தொட்டு, தனக்கு மிகவும் வருத்தமாக இருப்பதாகச் சொன்னார். எதற்கு வருத்தம் என்று எனக்குப் புரியவில்லை.

எப்படி வேலைக்குப் போனாய் என்று கேட்டார்கள். பதினெட்டு வயதில் சேர்ந்தேன், கம்பெனி வேன் வந்து எடுத்துக்கொண்டு போகும், ராத்திரி மெயின் ரோட்டில் விட்டுவிடுவார்கள் என்று சொன்னேன். நாம் தினமும் பேசுவதுதானே. அதையே ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் எடுத்து வைத்தேன். நம்முடைய 'எடுத்துட்டுப் போவாங்க' அந்த மொழியில் ஆளைத் தூக்கிக்கொண்டு போவதாகவும், 'விட்டுடுவாங்க' நடுத்தெருவில் கைவிட்டுப் போவதாகவும் ஆகிவிடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? வேனில் ஜன்னல் ஓரத்துக்கு நாங்கள் போட்ட சண்டையையும், டிரைவரிடம் பாட்டை மாற்றச் சொல்லிக் கத்தியதையும் சொல்லியிருக்கலாம். அதற்கெல்லாம் என்னிடம் ஆங்கிலம் இல்லை.

யாழினி பக்கத்தில்தான் இருந்தாள். அன்றைக்கு மட்டும் அவள் என்னைத் திருத்தவில்லை.

3

கட்டம் தைப்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் பழைய பனியன் இருந்தால் நீங்களும் செய்து பார்க்கலாம்.

பின்னல் துணி இழுத்தால் நீளும். அதனால் வெட்டுவதற்கு முன் துணியின் பின்பக்கம் ஒட்டுத்துணி வைத்து இஸ்திரி போட வேண்டும். மெல்லிய துணிதான், சூடு பட்டதும் ஒட்டிக்கொண்டு பனியனை விறைப்பாக்கிவிடும். பிறகு ஒரு அட்டையைச் சதுரமாக வெட்டி, அதை அளவாக வைத்து அடர்ந்த நிறத்தில் ஐந்து சதுரம், வெளிர் நிறத்தில் நான்கு சதுரம் வெட்டிக்கொள்ள வேண்டும். யாழினிக்குச் சின்னதாகிப்போன கருநீல டி-சர்ட்டும் சாம்பல் நிற டி-சர்ட்டும் எங்களுக்குப் போதுமானதாக இருந்தன. ஒன்பதையும் மேசையில் வரிசைக்கு மூன்றாக வைக்க வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் அடர்ந்த நிறம் வர வேண்டும்.

முதலில் ஒவ்வொரு வரிசையிலும் உள்ள மூன்றைத் தைத்துப் பட்டையாக்க வேண்டும். ஓரத்திலிருந்து கால் அங்குலம் விட்டுத் தையல் ஓட வேண்டும். அந்தக் கால் அங்குலம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தால்தான் கடைசியில் மூலைகள் கூடும். மேல் பட்டையிலும் கீழ்ப் பட்டையிலும் தையல் மடிப்பை வலப்பக்கமாக இஸ்திரி போட்டால், நடுப்பட்டையில் இடப்பக்கமாகப் போட வேண்டும். அப்போதுதான் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைக்கும்போது மடிப்புகள் ஒன்றோடொன்று அணைந்துகொள்ளும். சந்திக்கும் இடத்தில் குண்டூசி குத்தி, மூன்று பட்டைகளையும் சேர்த்துத் தைத்தால் கட்டம் முடிந்தது.

சொல்லும்போது சுலபம். திருப்பூர்க்காரி, இவளுக்கு என்ன கஷ்டம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு வரவில்லை. ஆறு வருடமும் நான் தைத்தது தோள்பட்டை ஒன்றைத்தான். முன்பக்கமும் பின்பக்கமும் வரும், தோளைச் சேர்த்து அடுத்த மேசைக்குத் தள்ளுவேன். கழுத்து ஒருத்தி, கை ஒருத்தி. ஒரு முழு பனியனை நான் தனியாகத் தைத்ததே கிடையாது. மிஷினும் அங்கே காலை வைத்தால் பறக்கும். இங்கே வீட்டு மிஷினில் அதே மாதிரி அழுத்தினேன், தையல் கோணி ஓடியது. என் முதல் கட்டம் ஒரு பக்கம் குட்டையாகவும் மறுபக்கம் நெட்டையாகவும் வந்தது. ஷெல்லி பிரிக்கச் சொன்னார். மறுபடியும் தைத்தேன், மறுபடியும் பிரித்தேன். யாழினியின் கட்டம் நேராக வந்தது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், நானும் சிரித்தேன். வகுப்புக்குச் சேர்ந்ததன் பலன் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் என் கட்டமும் ஒருவழியாகச் சதுரமாயிற்று. மூலை கூடிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். முதல் துண்டு முதல் கடைசித் துண்டு வரை நானே செய்து முடித்த முதல் தையல் அது.

4

திறப்பு விழா அன்று அரிசி முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். விரிப்பு அழகாகத் தொங்கியது. ஒவ்வொரு கட்டத்தையும் பற்றி ஓர் அட்டை கீழே வரிசையாக ஒட்டியிருந்தார்கள். மற்றவர்களுடையது எல்லாம், இது என் தோட்டத்துப் பூ, இது என் நாயின் நிறம் என்று இருந்தது. என் கட்டத்துக்குரிய அட்டை மட்டும் பெரிதாக இருந்தது. அதன் கீழே உண்டியல் மாதிரி ஒரு கண்ணாடி ஜாடி. திருப்பூர்ப் பெண்களை மீட்பதற்கு நன்கொடை.

பதினெட்டு வயதில் ஒரு வேனில் தன் கிராமத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பெண் தைத்தது இது என்று அட்டை தொடங்கியது. ஒரே தையலை வருடக்கணக்கில் தைக்க வைத்தார்கள். கழிப்பறைக்குப் போகவும் அனுமதி வேண்டும். இரவில் சாலையில் விட்டுவிட்டுப் போனார்கள். இந்த ஒவ்வொரு சதுரமும் அவர் திரும்பப் பெற்ற சுதந்திரத்தின் ஒரு துண்டு. கீழே சிறிய எழுத்தில், பாதுகாப்புக் கருதிப் பெயர் வெளியிடப்படவில்லை.

ஊரில் இருப்பதே ஒரு தமிழச்சி. பெயரை மறைத்தார்களாம்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். யாரோ என் தோளைத் தொட்டார்கள். ஒரு பெரியவர், அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் தேவாலயத்தில் வந்து பேச முடியுமா என்று கேட்டார். முறுக்கைச் சாப்பிட்டவர்கள்கூட ஏதோ துக்க வீட்டுப் பலகாரம் மாதிரி மெதுவாகச் சாப்பிட்டார்கள். இத்தனை நன்றாக எழுதியது யார் என்று ஒருவர் கேட்க, ஷெல்லி பெருமையோடு யாழினியை முன்னால் இழுத்து நிறுத்தினார். பள்ளியில் பொதுச்சேவை மணிநேரம் காட்ட வேண்டுமாம். அதற்காக எல்லா அட்டைகளையும் எழுதிக் கொடுத்தது என் மகள்தான்.

வீட்டுக்குப் போகும் வழியில் காரில் கேட்டேன். அவள் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள்; நீ சொன்னதைத்தானே எழுதினேன் என்றாள். நான் சத்தம் போட்டேன். அவளும் போட்டாள். பிறகு திடீரென்று தமிழுக்கு வந்தாள். கோபம் வந்தால்தான் அவளுக்குத் தமிழ் வரும்.

"டாய்லெட் போறதுக்கு டோக்கன் வேணும்னு நீதானம்மா சொன்னே. அது சரியா?"

"சரியில்ல கண்ணு. சரின்னு நான் எப்பச் சொன்னேன்?"

"அப்புறம் ஏன் அவங்களுக்காகப் பேசறே?"

"அவங்களுக்காகப் பேசல. எனக்காகப் பேசறேன்."

அவளுக்கு அது புரியவில்லை. டோக்கன் உண்மை. லைனுக்கு ஒன்றுதான் இருக்கும். ஒருத்தி போய்விட்டு வந்து ஆணியில் மாட்டினால்தான் அடுத்தவள் போகலாம். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. ஆனால் அந்த எரிச்சல் என்னுடையது. அதை எடுத்து ஜாடிக்குமேல் ஒட்டிக் காசு வசூல் பண்ண இவர்கள் யார்?

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த செந்தில், "உடு சுகந்தி, நல்ல எண்ணத்துலதான பண்றாங்க" என்றார். வீடு வந்ததும் காலி முறுக்கு டப்பாவோடு அவருக்கு முன்னால் இறங்கி நடந்தேன்.

5

அந்த வார இறுதியில் ஜெபராணியைக் கூப்பிட்டேன். லைனில் என் பக்கத்து மேசையில் கழுத்துப் பட்டை தைத்தவள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அருள்புரத்திலேயே வாடகை வீட்டில் இருந்தார்கள், இன்னும் இருக்கிறார்கள். இப்போது அவள் வேறொரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். போனை ஸ்பீக்கரில் போட்டு, யாழினியைப் பக்கத்தில் உட்கார வைத்து, அட்டையைத் தமிழில் படித்துக் காட்டினேன்.

வேனைப் பற்றிய வரி வந்ததும் ஜெபராணி சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. மீட்பு நிதி என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. "என்னைய மீட்டுட்டா லைனை யாருட்டி ஓட்டுவா?" என்றாள். பிறகு அவளுக்கும் கோபம் ஏறியது. இந்த வாரம் ஒரு ஆர்டர், பாதி தைத்த பிறகு நிறத்தை மாற்றச் சொல்லி மெயில் வந்ததாம். ஷிப்மெண்ட் தேதியை மட்டும் மாற்ற மாட்டார்களாம். மூன்று ராத்திரியாக லைன் விடிய விடிய ஓடுகிறதாம். "எங்களுக்கு நல்லது செய்யணும்னா, துணி நாளைக்கே வேணும்னு ஒத்தக்கால்ல நிக்காம இருக்கச் சொல்லு அவுகள. அது போதும்."

 அப்புறம் கேட்டாள். "ஏட்டி சுகந்தி, சுமித்ரா விரல்ல ஊசி போன அன்னைக்கு நாம மிஷினை நிறுத்தினோமே, அதைச் சொன்னியா பிள்ளைகிட்ட?"

சொன்னதில்லை. இங்கே வந்த பிறகு அந்த நாள் எனக்கே நினைவில் மேலே வந்ததில்லை. ஜெபராணிதான் சொன்னாள், நான் நடுநடுவே சேர்த்துக்கொண்டேன்.

சுமித்ரா ஒடிசாவிலிருந்து வந்து சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கம்பெனி விடுதியில் இருந்தாள். தமிழில் அவளுக்குத் தெரிந்தது எங்கள் பெயர்கள் மட்டும். அன்று ஷிப்மெண்ட் நாள். மிஷின் ஊசி அவள் ஆள்காட்டி விரலில் இறங்கி உள்ளேயே ஒடிந்துவிட்டது. அவள் கத்தக்கூட இல்லை; விரலைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். புளோர் மேனேஜர் வந்து பார்த்தார். "துணியச் சுத்திட்டு உக்காரச் சொல்லுங்க. லோடு போனதுக்கப்புறம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக்கலாமுங்க" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. எங்கள் ஊரில் கொடுமையைக்கூட 'ங்க' போட்டுத்தான் செய்வார்கள்.

ஜெபராணி எழுந்து தன் மிஷின் சுவிட்சை அணைத்தாள். அடுத்து நான் அணைத்தேன். எதிர் வரிசையில் ஒவ்வொன்றாக நின்றது. எப்போதும் இரைந்துகொண்டிருந்த கூடத்தில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. மேனேஜர் ஒவ்வொருத்தியிடமும் போய்க் கெஞ்சினார், அப்புறம் மிரட்டினார், வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்றார். யாரும் எழுந்து கோஷம் போடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான்.  கடைசியில் முதலாளியே கீழே இறங்கி வந்தார். பக்கத்து ஊர்க் கவுண்டர், எங்கள் அப்பாவைத் தெரிந்தவர். என்னைப் பார்த்து, "ஏனுங்க அம்மிணி, நீயுமா?" என்று கேட்டார். நான் ஆமாங்க என்றேன். வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அவர் சுமித்ராவின் கையைப் பார்த்தார். தன் காரிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஜெபராணியும் கூடப் போனாள். கார் கேட்டைத் தாண்டிய பிறகுதான் நாங்கள் மிஷினைப் போட்டோம். லோடு மறுநாள்தான் போயிற்று. வானம் இடிந்து விழவில்லை.

மறுமாதமே ஜெபராணியைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றிப் பழி தீர்த்துக்கொண்டார்கள். அதையும் அவள் சொன்னாள்.

 போனை வைத்த பிறகு, இதை ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று யாழினி கேட்டாள். நீ எப்போது கேட்டாய் என்றேன். அவள் எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள்.

6

திங்கட்கிழமை நூலகத்துக்குப் போனேன். அட்டையை மாற்ற வேண்டும் என்றேன். அங்கே இருந்த பெண், அட்டை ஷெல்லியின் தையல் குழுவினுடையது என்றார். தையல் குழுவிடம் போனால், சுவர் நூலகத்தினுடையது, அதில் எதை எடுக்கவும் நூலகம்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். மறுபடியும் நூலகம். இந்த முறை மேலதிகாரி ஒருவர் வந்தார். மிகவும் கனிவாக, திருத்தம் கேட்பதென்றால் அட்டையில் குறிப்பிடப்பட்டிருக்கும் நபரின் சம்மதம் வேண்டும் என்றார். அந்த நபர் நான்தான் என்றேன். அட்டையில் பெயர் இல்லாததால் அதை உறுதிப்படுத்த வழியில்லையே என்றார்.

ஊரே என்னை அடையாளம் கண்டு கட்டிப்பிடிக்கிறது. நான்தான் நான் என்று இவரிடம் நிரூபிக்க வழியில்லை.

ஷெல்லியை அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். நான் சொல்லி முடித்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது. உன்னைக் கௌரவிக்கத்தானே செய்தோம், எத்தனை பேர் நெகிழ்ந்துபோயிருக்கிறார்கள் தெரியுமா என்றார். அட்டையின் வாசகத்தையே அச்சிட்டுப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் அனுப்பியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார். அது உண்மையில்லையே என்றேன். எது உண்மையில்லை, வேன் இல்லையா, டோக்கன் இல்லையா என்று கேட்டார். என் மகள் கேட்ட அதே கேள்வி. என்னிடம் இருந்த ஆங்கிலத்தில் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. அந்த இயலாமையில் கண்ணில் தண்ணீர் வந்தது. அதையும் அவர் வேறு மாதிரி புரிந்துகொண்டு என்னை அணைக்க வந்தார். நான் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"அட்டை உங்களுடையது. கட்டம் என்னுடையது. அதை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்றேன். இலக்கணம் சரியாக இருந்ததா என்று தெரியாது. அவருக்குப் புரிந்தது.

விரிப்பில் மேல்துணி மட்டும்தான் அப்போது தைத்து முடிந்திருந்தது. பஞ்சும் அடித்துணியும் வைப்பது பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போய்த் திரும்பிய பிறகுதான். அதனால் பிரித்தெடுக்க முடியும். குழுவில் பேசினார்கள். வேண்டாம் என்று கெஞ்சினார்கள். ஒருவர், நன்றி கெட்டவள் என்று காதுபடவே சொன்னார். கடைசியில், கட்டம் தைத்தவளின் உரிமை என்று ஒத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலை நூலகம் திறந்ததும் போனேன். யாழினி தானாகவே கூட வந்தாள். விரிப்பை இறக்கி நீளமான மேசையில் போட்டிருந்தார்கள். ஷெல்லியும் இருந்தார். தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை எடுத்து ஓரத்தில் வைத்தேன்.  என் கட்டத்தைச் சுற்றி இருந்த பட்டைத் துணியெல்லாம் மற்றவர்கள் தைத்தது. கொஞ்சம் தவறினாலும் அவர்கள் வேலை கிழிந்துவிடும். சில தையல்கள் பிரித்ததும் ஷெல்லி நாற்காலியை இழுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். துணியை இரண்டு பக்கமும் விறைப்பாகப் பிடித்துக்கொண்டார். அவர் பிடிக்க, நான் பிரித்தேன். 

கட்டம் கையோடு வந்தது. விரிப்பின் நடுவே சதுரமாக ஓர் ஓட்டை.

அந்த இடத்தில் என்ன வைப்பது என்று ஷெல்லி கேட்டார். எதுவும் வேண்டாம் என்றேன். ஓட்டையோடு தொங்கவிட்டால் துணி தொய்ந்துவிடும் என்றார், அது சரிதான். அதே அளவில் வெறும் வெள்ளைத் துணி ஒன்றை வைத்து அங்கேயே தைத்தார். ஜாடியையும் அவரே எடுத்து உள்ளே வைத்துவிட்டார். பழைய அட்டையைக் கழற்றியதும் சுவரில் ஒரு வெற்றிடம் தெரிந்தது. ஏதாவது எழுதியாக வேண்டுமே என்று நூலகத்துப் பெண் கவலைப்பட்டார்.

யாழினி பேனா கேட்டு வாங்கினாள். என்னிடம் எதுவும் கேட்காமல் ஒரு வரி எழுதினாள். 'திருப்பூரைச் சேர்ந்த சுகந்தி செந்தில் தான் தைத்த கட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.' எழுதிவிட்டு என்னிடம் காட்டினாள். பழைய அட்டையில் இருந்ததெல்லாம் பிறர் எனக்குச் செய்தது. இதில்தான் நான் ஏதோ ஒன்றைச் செய்திருந்தேன். ஒட்டு என்றேன்.

விரிப்பை மறுபடி தொங்கவிட்ட பிறகு கூட்டம் வந்துபோயிற்று. பூவையும் நாயையும் பார்த்துக்கொண்டே வந்தவர்கள் வெள்ளைச் சதுரத்தின் முன்னால் நின்றார்கள். அட்டையைப் படித்தார்கள், சுற்றும் முற்றும் பார்த்தார்கள். விவசாயி மாதிரி இருந்த ஒருவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்து, சுகந்தி நீங்கள்தானா, ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டார். குரலில் பரிதாபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். ஊசி ஒடிந்ததிலிருந்து. காலம் குழம்பியது, பன்மை ஒருமையாயிற்று, மிஷின் சுவிட்சுக்கு என்ன சொல் என்று தெரியாமல் கையால் அணைத்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பக்கத்தில் யாழினி நின்றிருந்தாள். கடைசிவரை அவள் குறுக்கே ஒரு வார்த்தையும் பேசவில்லை.